இலங்கைப் பொன்னழகியும் சென்னீர்குப்பத்துக் கொடியும்

1853 வாக்கில் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன்னிடம் சேர்ந்திருந்த பட்டாம்பூச்சிகளுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டது. தொகுத்தவர் ஜார்ஜ் ராபர்ட் கிரே. இலங்கையிலிருந்து கப்பலேறிப் போன இரண்டு பூச்சிகளுக்கு அந்தப் பட்டியலில்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. ஒன்று டார்சியஸ், மற்றது ஜோஃபன். இரண்டும் நம்மவர்கள் 'அழகிகள்' என்று பெயர் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலம் படித்தவர்கள் ஸ்வாலோடெயில் என்பார்கள். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இல்லை.

ஒரே தீவில் பிறந்து, ஒரே பட்டியலில் பெயர் வாங்கியவை. இன்றைக்கோ டார்சியஸ் அந்த நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சி. வீட்டுத் தோட்டம் வரை வந்து முட்டையிட்டுப் போகிறது. ஜோஃபன் தென்மேற்கு மூலையில் மிச்சமிருக்கும் மழைக்காட்டை விட்டு வெளியே வருவதில்லை. உலகப் பாதுகாப்பு ஒன்றியம் 1996இல் அதை மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள உயிர்களின் வரிசையில் வைத்தது. ஏன் இப்படி இரண்டும் இரண்டு வழியில் போயின? பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே சென்னீர்குப்பத்தில் குடியிருக்கும் எனக்கு இந்தக் கேள்வி வேற்று நாட்டுச் சமாச்சாரமாகவே படுவதில்லை. எங்கள் ஊரிலும் அழகிகளில் சில தங்கிவிட்டன, சில போய்க்கொண்டிருக்கின்றன. காரணமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் டார்சியஸ். பேர்ட்விங் என்று அழைக்கப்படும் பெரிய பட்டாம்பூச்சிகளில் ஒன்று அது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் நம் பொன்னழகியின் நெருங்கிய உறவு என்பதால் இலங்கைப் பொன்னழகி என்றே சொல்லிவிடலாம். சிறகை விரித்தால் 16, 17 சென்டிமீட்டர். தீவிலேயே பெரிய பட்டாம்பூச்சி. முன்சிறகு கறுப்பு வெல்வெட். பின்சிறகு மஞ்சள், அதன் ஓரம் முழுக்கக் கறுப்புக் கரை. மர உச்சிக்கு மேலே அவசரமே இல்லாமல் மிதக்கும். வெயில் படும்போது அந்த மஞ்சள் பொன்னாக எரியும். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பறவைகளுக்குப் பயப்படாமல் மெதுவாகப் பறக்கிறதென்றால், அந்தத் தைரியம் அது புழுவாக இருந்தபோது தின்ற இலையிலிருந்து வந்தது.

அந்த இலை ஈஸ்வரமூலி. பெருமருந்துக்கொடி என்றும் சொல்வார்கள். நம்மூர் ஆடுதின்னாப்பாளையும் அதே பேரினம்தான். இந்தக் கொடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நச்சு இருக்கிறது. ஆடு வாய் வைக்காது. மனிதன் தொடர்ந்து உட்கொண்டால் சிறுநீரகம் கெடும், புற்றுநோயும் வரும் என்பது இன்று உறுதியாகத் தெரிந்த விஷயம். பொன்னழகியின் புழுவோ இந்த நச்சு இலையைத் தின்றே வளர்ந்து, நச்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கரும்பழுப்பு உடம்பு, வரிசை வரிசையாகச் சதைப்பிடிப்பான முட்கள், இடுப்பில் குறுக்கே வெளிறிய ஒரு பட்டை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகக் கிளைத்த ஓர் உறுப்பை வெளியே நீட்டும். குமட்டும் நாற்றம் வரும். ஒரு தடவை கொத்திப் பார்த்த பறவை மறு தடவை அந்தப் பக்கம் போகாது. புழு கூடு கட்டிப் பட்டாம்பூச்சியான பிறகும் நச்சு உடம்பிலேயே இருக்கிறது.

பட்டாம்பூச்சி என்றதும் நமக்குப் பூதான் ஞாபகம் வருகிறது. பூந்தோட்டம் போட்டால் பட்டாம்பூச்சி வரும் என்று நினைக்கிறோம். தேன் எந்தப் பூவிலும் கிடைக்கும். லண்டானாவில் கூடக் குடித்துவிட்டுப் போகும். முட்டையிட மட்டும் அதற்கென்று உள்ள செடி வேண்டும். அந்தச் செடி இல்லாத இடத்தில் ஆயிரம் பூ பூத்தாலும் அது வழிப்போக்கன்தான்.

கிரே பெயர் வைத்த காலத்து இலங்கையில் செடி கிடைக்குமா என்ற இந்தக் கவலையே எழுந்திருக்காது. 1880களில் தீவின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு காடாக இருந்தது என்று ஒரு கணக்கு உண்டு. இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சரிவு அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. உரிமைப் பத்திரம் காட்ட முடியாத நிலமெல்லாம் முடிக்குரியது என்று 1840இல் ஆங்கிலேய அரசு சட்டம் கொண்டுவந்தது. மலைக்காடுகள் துரைமார்களுக்குச் சொற்ப விலைக்குப் போயின. திருச்சி, மதுரை, சேலம், ஆற்காட்டுப் பக்கங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன நம் சனங்கள் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்தார்கள். வழியிலேயே ஏராளம் பேர் செத்தார்கள். மிஞ்சியவர்களின் கையில் கோடரியைக் கொடுத்துத்தான் காப்பித் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்டினார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பியை அழித்தது. அந்த இடத்தில் தேயிலை ஏறியது. காடு திரும்பவில்லை. காட்டை விற்றவன் ஒருத்தன், வாங்கியவன் ஒருத்தன், வெட்டியவன் ஒருத்தன். லாபம் முதல் இருவருக்கும், குளிரும் லயன் வரிசை வீடும் மூன்றாமவனுக்கும் என்று ஆனது. மலையகத் தமிழர் குடியேறி 200 ஆண்டு ஆனதை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே நினைவுகூர்ந்தார்கள். அந்தப் பாதையில் மரமும் பூச்சியும் அழிந்ததற்கும் அதே வயதுதான்.

காடு இப்படிக் கரைந்துகொண்டிருந்தபோதே, அதே ஆட்சியின் இன்னொரு மூலையில் அருமையான வேலை ஒன்றும் நடந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தலைமையில் இருந்த துவைட்ஸ், உள்ளூர் ஓவியர்களான தே அல்விஸ் சகோதரர்களை வைத்து இலங்கையின் பட்டாம்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் வரையச் சொன்னார். செத்துக் குண்டூசியில் குத்தியதைப் பார்த்து வரைந்த படங்களோடு அவர்கள் நிற்கவில்லை. உயிருள்ள புழு, அது தின்னும் இலை, தொங்கும் கூடு என்று ஒவ்வொரு பருவமும் வண்ணத்தில் பதிவானது. அவற்றைக் கொண்டு பூச்சியியலாளர் பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அட்டையில் மூர் பெயர்தான். என் மனசுக்கு அந்த நூலின் உயிர் தே அல்விஸ்களின் தூரிகையில்தான் இருக்கிறது. பட்டாம்பூச்சியைச் செடியோடு சேர்த்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

அவர்கள் பார்த்த விதம் பொதுவாகப் பரவ ரொம்ப காலம் ஆயிற்று. ஊர் ஊராக வலையோடு திரிந்து பெட்டியில் அடுக்குவதே அன்றைய மரபு. பெரிய பூச்சிக்குப் பெரிய மதிப்பு. நம் பொன்னழகியும் அந்த மோகத்துக்குத் தப்பவில்லை. பிரிகேடியர் எவன்ஸ் 1932இல் பதிவு செய்த 190 மில்லிமீட்டர் பூச்சி ஒன்றால்தான் இந்தியாவின் மிகப் பெரிய பட்டாம்பூச்சி என்ற பட்டம் 88 வருடம் அதனிடம் இருந்தது. 2020இல் உத்தராகண்டில் அளந்த வேறொரு பேர்ட்விங் 194 மில்லிமீட்டர் வந்து பட்டத்தை வாங்கிக்கொண்டது.

இன்று வலையோடு போனால் என்ன ஆகும் என்பதற்கு 2024இல் நடந்த வழக்கே போதும். அந்த மே மாதம் இலங்கையின் யாலா தேசியப் பூங்காவில் இத்தாலியர்களான தகப்பனும் மகனும் பிடிபட்டார்கள். கையில் இருந்த ஜாடிகளில் நூற்றுக்கணக்கான பூச்சிகள். அவற்றில் 92 வகைப் பட்டாம்பூச்சிகள். செப்டம்பரில் நீதிமன்றம் விதித்த அபராதம் 6 கோடி இலங்கை ரூபாய். நூறு வருடத்துக்கு முன் இதே காரியத்தைச் செய்தவருக்கு லண்டனில் பாராட்டுக் கிடைத்திருக்கும். மாறியது சட்டம் மட்டுமல்ல. இலங்கையில் இப்போது வீட்டுத் தோட்டத்தில் வேண்டுமென்றே ஈஸ்வரமூலி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், பொன்னழகி வரவேண்டும் என்பதற்காக. அதுவும் வருகிறது.

ஜோஃபனுக்கு இந்த வழி திறக்கவில்லை. இலங்கை ரோஜா அழகி என்று அதைச் சொல்லலாம்: கறுப்புச் சிறகில் வெள்ளைத் திட்டுகள், ஓரத்தில் சிவப்பு, சிவந்த உடல், பின்சிறகில் வால். அதன் புழு நம்பியிருப்பது தொட்டியா என்ற சிறு புதர்ச்செடியை. கேரளத்தில் அல்பம் என்பார்கள். இதுவும் ஈஸ்வரமூலியின் குடும்பம்தான். நச்சும் அதே வகை. ஆனால் குணம் வேறு. ஈஸ்வரமூலி வேலியில் படரும், வெயில் தாங்கும், புதர்க்காட்டிலும் பிழைக்கும். தொட்டியாவுக்கு மழைக்காட்டின் நிழலும் ஈரமும் வேண்டும். மேலே பெருமரம் சாய்ந்தால் கீழே இதுவும் போயிற்று. பொன்னழகி இரண்டு செடியிலும் முட்டையிடும். காடு போனாலும் கொடியைத் தொடர்ந்து ஊருக்குள் வந்துவிட்டது. இலங்கை ரோஜா அழகியால் காட்டை விட்டு வர முடியவில்லை.

அதனால்தான் சிங்கராஜக் காட்டின் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக அங்கே இயந்திரங்களைக் கொண்டுபோய் மரம் வெட்ட ஆரம்பித்தார்கள். விஞ்ஞானிகளும் பொதுமக்களும் விடாமல் எதிர்த்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வெட்டு நின்றது. 1988இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் காடு இடம்பிடித்தது. பரப்பு 9,000 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. போராடியவர்கள் ஒரு பட்டாம்பூச்சிக்காகப் போராடவில்லை. ஆனாலும் அந்தக் காடு போயிருந்தால், தீவில் மட்டுமே உள்ள ஓர் அழகியின் முக்கியப் புகலிடம் ஒட்டுப்பலகையாகப் போயிருக்கும்.

கடலுக்கு இந்தப் பக்கம் இலங்கை ரோஜா அழகிக்கு ஒரு சகோதரி உண்டு. மூர் 1881இல் பாண்டியர் பெயரை அதற்குச் சூட்டி 'பாண்டியானா' என்றார். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வாழ்கிறது. பல காலம் இரண்டையும் ஒரே இனமாகவே எண்ணினார்கள். இப்போது தனித்தனி இனங்கள் என்கிறார்கள். பொன்னழகிகளும் இப்படித்தான், இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இவற்றைப் பிரித்தது பாக் நீரிணை என்று சட்டென்று சொல்லத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது தரையே இருந்தது. அப்போதும் இப்போதும் இரண்டு ஈரமலைகளுக்கும் நடுவே கிடப்பது ராமநாதபுரத்து வறட்சியும் மன்னார்ப் புதரும். நிழலை விரும்பும் பூச்சிக்குக் கடலை விட அந்த வெயில் பெரிய தடை. வெயிலைத் தாங்கும் சிவப்புடல் அழகிக்குக் கடலும் தடையில்லை. தனுஷ்கோடி முனையிலிருந்து அது கூட்டம் கூட்டமாக இலங்கை நோக்கிப் பறப்பதைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சிவப்புடல் அழகிதான் எங்கள் சென்னீர்குப்பத்துக் கதையில் வருகிறது.

இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் ஏரிப்பாசனத்து ஊர்கள். ஏரிக்கரை, வயல் வரப்பு, அறுவடை முடிந்த தரிசு, முள்வேலி. வேலி என்றால் வெறும் முள் மட்டுமல்ல: கொவ்வை, பிரண்டை, முடக்கத்தான், வேலிப்பருத்தி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்த பச்சைச் சுவர். தரிசில் ஆடுதின்னாப்பாளை தரையோடு தரையாகக் கிடக்கும். ஆடு மற்றதையெல்லாம் மேய்ந்துவிட்டு அதை மட்டும் விட்டுவைக்கும். வெயில் காலத்தில் அது மட்டும் பச்சையாகத் தனியே தெரியும். அதன் மேலே தாழப் பறந்து, முன்னங்காலால் இலையைத் தட்டித் தட்டிச் சோதித்து, ஒவ்வொரு முட்டையாக வைத்துப் போகும் எங்கள் பக்கத்து ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும். வயல்வெளி இருந்த காலத்தில் இவை யாரும் தேடிப் பார்க்கவேண்டிய பூச்சிகளே அல்ல.

இன்று வரப்பு இருந்த இடத்தில் கம்பெனி ஷெட், குடோன், அடுக்ககம். முள்வேலி காம்பவுண்டு சுவராயிற்று. காலி மனை என்று ஒன்று மிச்சமிருந்தால் வருடத்துக்கு ஒரு முறை ஜேசிபி வந்து 'சுத்தம்' செய்துவிட்டுப் போகிறது. வாசலில் பேவர் பிளாக், ஓரத்தில் குரோட்டன்ஸும் இட்லிப்பூவும். பூவுக்குக் குறைவில்லை, இட்லிப்பூவில் தேன் குடிக்க அழகிகள் வரத்தான் செய்கின்றன. வந்து குடித்துவிட்டுப் போய்விடுகின்றன.

எல்லாம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கறிவேப்பிலை அழகி எங்கள் தெருவில் அன்றைக்கு இருந்ததை விடக் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் மாடி பால்கனியில் தொட்டிக் கறிவேப்பிலை இருந்தாலும் தேடி வந்துவிடும். குழம்புக்குக் கொத்துப் பறிக்கும்போது பாருங்கள்: இளம்புழு அச்சு அசலாகப் பறவை எச்சம், வளர்ந்தது இலைப்பச்சை. எலுமிச்சை, நார்த்தை இருக்கும் வீட்டில் எலுமிச்சை அழகி. பள்ளிக்கூடம், அடுக்ககம் எல்லாவற்றிலும் வரிசையாக நட்டிருக்கும் நெட்டிலிங்கத்தை நம்பிப் பச்சைப்புள்ளிச் சிறகோடு வேகமாகப் பறக்கும் இன்னொன்றும் தங்கிவிட்டது. எங்களுக்கு வேண்டிய செடியே அவற்றுக்கும் வேண்டியதாக இருந்தது, பிழைத்துக்கொண்டன. யாருக்கும் வேண்டாத, சுத்தம் என்ற பெயரில் பிடுங்கி எறியும் ஒரு கொடியை நம்பியவை ஒதுங்கிவிட்டன.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கறிவேப்பிலை அழகியின் உடம்பில் நச்சு கிடையாது. அதனால் அதன் பெண்களில் ஒரு பகுதி ரோஜா அழகி போலவும், இன்னொரு பகுதி சிவப்புடல் அழகி போலவும் வேடம் போட்டுக்கொண்டு பறவையை ஏமாற்றும். மற்றவை ஆண் போலவே இருக்கும். இயற்கையியலாளர் வாலஸ் 1865இலேயே இதை விளக்கி எழுதினார். ஒரே இனத்தில் இத்தனை வேடங்களையும் ஒற்றை மரபணுதான் மாற்றி மாற்றிப் போடுகிறது என்பதை பெங்களூரில் இருக்கும் உயிரியலாளர் கிருஷ்ணமேக் குண்டேயும் சகாக்களும் 2014இல் காட்டினார்கள். வேடம் பலிக்க வேண்டுமானால் பறவை முதலில் அசலைக் கொத்திப் பார்த்து அருவருத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் வேடம்போட்டவள்தான் அடிக்கடி கண்ணில் படுகிறாள். அசல் எப்போதாவதுதான் வருகிறாள். கறிவேப்பிலை இருப்பதாலேயே வேடம்போட்டவளுக்குப் பத்திரம் என்று இருந்துவிட முடியாது; யாரைப் பார்த்து வேடம் கட்டினாளோ அவளுக்கும் ஒரு கொடி வேண்டும்.

கொடியோடு போன இந்த அழகிகளை மீட்க முடியுமா? முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பக்கம் சான்று இருக்கிறது. அங்கே ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற பொன்னழகி வகை, அதன் காட்டுக்கொடி அழிக்கப்பட்டதால் சிதறிப்போனது. 1990களில் டான் சாண்ட்ஸ் என்ற பூச்சியியலாளர் முன்னின்று, பள்ளிப் பிள்ளைகளையும் வீட்டுக்காரர்களையும் சேர்த்து அந்தக் கொடியை ஊரெல்லாம் நடவைத்தார். கூடவே இன்னொன்றையும் பிடுங்கச் சொன்னார்கள்: தென் அமெரிக்காவிலிருந்து பூவுக்காகக் கொண்டுவந்து வளர்த்த ஓர் அலங்காரக் கொடி. அதுவும் ஈஸ்வரமூலியின் பேரினம்தான். வாசனையில் ஏமாந்து தாய்ப்பூச்சி அதில் முட்டையிடும். பொரிந்த புழு தின்றதும் செத்துவிடும்.

நம்மூர் நர்சரிகளிலும் இந்த அலங்காரக் கொடி கிடைக்கும். பழுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிபோட்ட பெரிய வளைந்த பூ. பார்க்க ஆசையாக இருக்கும், அதை வாங்காதீர்கள். பெருமருந்துக்கொடி என்று கேளுங்கள், ஈஸ்வரமூலி என்றும் கேளுங்கள். மூலிகை வைத்திருப்பவர்களிடம் இருக்கும். காய் முற்றிக் காய்ந்ததும் கவிழ்த்த குடை போல விரிந்து தொங்கும்; தட்டையான விதை அடுக்கடுக்காக உள்ளே இருக்கும். ஐப்பசி மழைக்கு முன் போட்டால் பிடித்துக்கொள்ளும். மாடியிலும் வளரும், பெரிய தொட்டியும் ஏறுவதற்கு ஒரு கம்பியும் இருந்தால் போதும். கஷாயம் வைக்கவோ மென்று பார்க்கவோ யாரையும் விடாதீர்கள். புழு வந்துவிட்டால் சில நாட்களில் கொடி மொட்டையாகிவிடும். பதறி மருந்தடித்துவிடாமல் தண்ணீர் மட்டும் ஊற்றி வாருங்கள், அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.